திரும்பக் கொடுத்த பால்

ஸ்மரண்டாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாலர் பள்ளியின் மனநல ஆலோசகர் கேட்ட கேள்வி அப்படி.

"ரேலு சேர்ந்த புதுசுல கலகலன்னுதான் இருந்தான். இப்ப யார் முகத்தையும் பாக்கறதில்ல, தனியா உக்காந்து விளையாடறான். சின்னதுல தாய்ப்பால் சரியா கெடச்சுதா? உங்ககிட்ட ஒட்டுதல் எப்படி?"

"என்ன பேசறீங்க? எம்புள்ளைக்கு நான் குடுத்த மாதிரி இந்த ஊர்ல எவளும் குடுத்திருக்க மாட்டா. ஒரு வயசுல நிறுத்தினேன். அப்புறம் காய்ச்சல்ல எதையும் வாயில வைக்கல. மறுபடி பால் குடுத்துத்தான் தேத்தினேன்."

ஆலோசகர் எழுதுவதை நிறுத்தினார். "இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

சொல்லாமல் என்ன? கோடையில் தன் கைக்குழந்தை இலியங்காவின் ஞானஸ்நான விருந்தில் அத்தனை பெண்களிடமும் பெருமையாகச் சொன்னாள். பேச்சு சட்டென்று அடங்கியது. ஒருத்தி மடியிலிருந்த பிள்ளையை வாரிக்கொண்டு எழுந்தே போனாள். எல்லாரும் அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள், ருமேனியாவின் வடக்கே க்ளூஜ் நகரத்திலிருந்து தெற்கே எங்கள் ஒல்டேனியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த அப்பாவி.

"பால் மறந்த பிள்ளைக்குத் திரும்பக் குடுத்தா, அதோட பார்வை பொல்லாத பார்வையாயிடும்னு இங்க நம்பறாங்க" என்றார் ஆலோசகர் தயங்கித் தயங்கி. "அவன் பக்கத்துல உக்காராதேன்னு வீட்டுலயே சொல்லி அனுப்பறாங்க போல. பசங்களும் காரணத்த அவங்கிட்டயே சொல்லிடறாங்க."

ஸ்மரண்டாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து வயதுப் பையனை ஊரே சேர்ந்து ஒதுக்கி வைத்திருக்கிறது! எங்கள் ஊர்க்காரர்கள்தான், சொல்லவே நாக்கூசுகிறது. படிப்புக்கும் குறைச்சலில்லை, கார்களுக்கும் குறைச்சலில்லை.

வீட்டில் அவள் கணவன் கோஸ்தின் பால்கனியில் குடைமிளகாயைச் சுட்டுத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

"உங்க ஊர்ப் பொம்பளைங்க எம்புள்ளையப் பத்தி என்ன பேசறாளுங்க தெரியுமா?"

அவன் நிமிரவே இல்லை. "தெரியும்."

"தெரியுமா!"

"கத்தாத. நானும் அதெல்லாம் நம்பல. சும்மா ஒரு ஜாக்கிரதைக்கு, பாப்பாவ நேராப் பாக்காதடான்னு அவங்கிட்ட சொல்லி வச்சேன்."

"நம்பலைன்னா ஏண்டா சொன்னே?"

"எதுக்கு வம்புன்னுதான்."

ஊரைத் திட்டுவதற்குத் தயாராக வைத்திருந்ததெல்லாம் இப்போது எதற்கும் உதவாது. ஊராவது வாசலுக்கு வெளியே இருக்கிறது. இவன் பெற்ற அப்பன். இவனிடம் என்ன சொல்லி அழுவது?

உள்ளே இலியங்கா வீறிட்டாள். ஸ்மரண்டா ஓடிப்போய் அவளை மடியில் போட்டுப் பால் கொடுத்தாள். ரேலு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இங்க வாடா ராஜா. தங்கச்சியப் பாரு. அப்பா சொன்னது தப்பு. நீ பாத்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

வந்தான். கண்களை இறுக்க மூடிக்கொண்டு, தடவித் தடவி வந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். பாப்பா பால் குடிக்கும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"அம்மா."

"சொல்லுடா."

"இவளுக்குப் பால நிறுத்தினதுக்கு அப்புறம், எவ்வளவு அழுதாலும் திரும்பக் குடுத்துடாதம்மா. பாவம் இவ."