மகாராணியின் வயிறு

டாக்டருக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். மிருக வைத்தியம் படித்த ஒருத்தி இப்படி இருக்கலாமா என்று கேட்டால், படிப்பு வேறு, பிறவிக்குணம் வேறு என்பாள். அன்று காலை மேஜைமேல் கிடந்தது முயல் அல்ல, பூனை. நான்கு காலையும் நீட்டிக்கொண்டு, தோல் வறண்டு, கண் உள்ளே போய்க் கிடந்தது. பெயர் மகாராணி.

கொண்டுவந்தவர் எதிர்ச்சாரியில் கடை வைத்திருக்கும் டெய்லர்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா, வாந்திதான். ஒரு ஊசி போட்டு விட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன். ஒரு கல்யாண கோட்டு பாதியில நிக்குது, ஒத்தக் கையோட."

"எத்தனை நாளா சாப்பிடல?"

"முந்தாநாள்லேர்ந்து. வீட்டுக்காரி மக வீட்டுக்குப் போயிருக்கா. நாளைக்குக் காலையில வந்துடுவா." டெய்லர் குரலைத் தாழ்த்தினார். "என்னை நம்பி விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான். 'கடையைக் கூட மூடிக்கோங்க, மகாராணியைப் பட்டினி போட்டுடாதீங்க'ன்னா. இதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

மகாராணியின் பின்பக்கம் தெர்மாமீட்டரோடு நின்ற கம்பவுண்டர் ஆளைப் பார்த்தால் மூட்டை தூக்குகிறவர்போல இருப்பார். கடிக்கிற நாய் எதுவானாலும் "வாடா கண்ணு" என்று கட்டிப்பிடிப்பார். பூனை என்றால் மட்டும் கை நடுங்கும். "பூனைக்கு மணி கட்டறதுகூட சுலபம் டாக்டரம்மா, இந்த வேலைதான் கஷ்டம்" என்றார். மகாராணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் டாக்டருக்குப் பிடிக்கவில்லை. சீறாத பூனை என்றால் உள்ளே பெரிய கோளாறு.

வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். விடாமல் வாந்தி எடுக்கிற பூனை நூல் எதையாவது விழுங்கியிருந்தால் பெரும்பாலும் நாக்கடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கே எதுவும் இல்லை. வயிற்றை அமுக்கினாள். குடல் வழுவழுவென்று நழுவாமல் ஓரிடத்தில் கொத்தாகச் சேர்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு எலும்பாகத் தெரிந்ததே தவிர, வேறு ஒன்றும் பிடிபடவில்லை.

'ஊசி போட்டு அனுப்பிவிடு' என்றது மனத்தின் ஒரு பாதி. அந்தப் பாதிக்கு எப்போதும் பசி, எப்போதும் தூக்கம். டாக்டர் அதன் பேச்சைக் கேட்டு நாளாகிவிட்டது. மறுபடி வயிற்றை அமுக்கினாள்.

அப்போதுதான் முழங்கைப் பக்கம் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. டெய்லர் சட்டைப்பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோலை எடுத்து, அவள் வெள்ளைக் கோட்டுக் கையில் தொங்கிய நூலை வெட்டி, சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். தான் செய்தது அவருக்கே தெரிந்த மாதிரி இல்லை.

"வந்ததும் வராததுமா என் காலர்லயும் ஒண்ணு வெட்டினாரு" என்றார் கம்பவுண்டர். "காதையும் சேர்த்து வெட்டிடுவாரோன்னு பயந்துட்டேன்."

"தொங்குற நூலைப் பார்த்தா கை சும்மா இருக்காதுங்க" என்று அசடு வழிந்தார் டெய்லர். "தொழில் அப்படி."

டாக்டர் பூனையைப் பார்த்தாள். கத்தரிக்கோலைப் பார்த்தாள். பூனையின் வயிற்றிலிருந்து கையை எடுத்தாள்.

"அண்ணே, மகாராணி வாயில நூல் ஏதாவது தொங்குச்சா?"

"ஆமா. முந்தாநாள் காலையில. கடைவாயோரம் நீலநூல் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. பார்க்க நல்லாவா இருக்கு? வாயைப் பொளந்து, எட்டின வரைக்கும் உள்ள விட்டு, பிசிறு இல்லாம நறுக்கிட்டேன்."

அந்த 'பிசிறு இல்லாம' என்ற சொல்லில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டாக்டர் கையைக் கழுவப் போனாள். "மீதி உள்ள போயிருக்கு. ஒரு முனை இரைப்பையில எங்கேயோ மாட்டிக்கிட்டு நிக்குது. மறுமுனையைக் குடல் இழுக்குது. இழுக்க இழுக்கக் குடல் நூல்மேல சுருக்கு விழுது. நீங்க பாவாடைக்குச் சுருக்கு வைக்கற மாதிரி."

டெய்லருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சுருக்கை இன்னும் இழுத்தால் நூல் துணியை அறுக்கும் என்று அவருக்குத் தெரியும். நின்ற இடத்திலேயே உட்காரப் பார்த்தார். அங்கே நாற்காலி இல்லை. கம்பவுண்டர் தாங்கிப் பிடித்தார்.

"நானா? நானா டாக்டரம்மா?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். இப்ப வயித்தைத் திறக்கணும்."

"பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே" என்றார் கம்பவுண்டர் மெதுவாக. டாக்டர் போன் செய்தாள். அறுவை செய்பவர் நாளை மதியம்தான் வருவாராம். நாளை மதியம் வரை அந்தக் குடல் தாங்காது. அவள் கடைசியாகக் குடலில் கத்தி வைத்து வெகுகாலம் ஆயிற்று. இப்போதெல்லாம் தடுப்பூசி, நகவெட்டு, காதுப்பூச்சி, பணக்கார நாய்களின் தொப்பை, இவ்வளவுதான். 'உன்னால முடியுமா?' என்று கேட்டது மனத்தின் அந்தப் பழைய பாதி. 'முடியாட்டியும் செய்யணும், வாயை மூடு' என்றாள்.

"கம்பவுண்டரே, சலைன் ஏத்துங்க. கை நடுங்கினா இன்னொரு கையால பிடிச்சுக்குங்க."

வயிற்றைத் திறந்து உள்ளே பார்த்தபோது டெய்லரிடம் சொன்ன சுருக்கு அப்படியே இருந்தது, நீலநிறத்தில். இரைப்பையின் வாசலில் நூல் உருண்டையாகச் சிக்கி நின்றது. முதலில் அதை அறுத்து விடுவித்தாள். பிறகு குடலில் சின்னதாக ஒரு வாசல் திறந்து, வந்த அளவுக்கு இழுத்து வெட்டினாள். வராத இடத்தில் இழுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி இன்னொரு வாசல் திறந்தாள். பிடிவாதம் என்றால் இழுப்பது என்று நினைத்துக்கொண்டிருந்த கை, அன்றைக்கு விடக் கற்றுக்கொண்டது.

"மூச்சு குறையுது டாக்டரம்மா."

"மயக்க மருந்தைக் குறைங்க. அடி மகாராணி, இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாதியில போனா நான் விடமாட்டேன், கேட்டுக்கோ."

மூச்சு திரும்பியது. குடல் மடிப்பு மடிப்பாக அவிழ்ந்து நீண்டது. நல்லவேளை, எங்கும் ஓட்டை இல்லை. தையல் போட்டு முடித்தபோது அவள் முதுகு வில்லாக வளைந்திருந்தது. வெளியே பெஞ்சில் டெய்லர் கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருந்தார், குறும்புக் குழந்தைகளை அடக்கி வைத்திருப்பதுபோல.

"பொழச்சுடுமா?"

"தெரியாது. தின்னு, தின்னது உள்ள தங்கினா பொழச்சுது. அதுவரைக்கும் என்னை எதுவும் கேக்காதீங்க."

கல்யாண கோட்டு ஒற்றைக் கையோடேயே நின்றது. அவர் கடைக்குப் போகவில்லை.

மறுநாள் காலை மகாராணி கண் திறந்திருந்தது. ஆனால் சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. டாக்டர் விரலில் தடவி நீட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது. தட்டை மாற்றினாள். சூடாக்கினாள். கொஞ்சினாள், மிரட்டினாள். வெளியே வரிசை நீண்டது.

அப்போது, பக்கத்துக் கடையில் விசாரித்துக்கொண்டு, பயணப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே டெய்லரின் மனைவி உள்ளே வந்தாள். யாரும் பேசுமுன் டெய்லர் எழுந்தார். "நூலை நான்தான் வெட்டினேன். தெரியாம வெட்டினேன். டாக்டரம்மா வயித்தைத் திறந்து எடுத்தாங்க."

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றாள். உலகத்தில் எந்த டாக்டரிடமும் அதற்கு மருந்து கிடையாது.

பிறகு தட்டை வாங்கிக்கொண்டு கூண்டருகே தரையில் உட்கார்ந்தாள். "என்னடி, ரெண்டு நாள் ஊருக்குப் போனா இப்படியா பண்ணுவ?" மகாராணி காதை அசைத்தது. நீட்டிய விரலை ஒருமுறை நக்கியது. நிறுத்தியது. இன்னொரு முறை நக்கியது. பிறகு தட்டில் வாயை வைத்தது.

"போதும், போதும். இப்ப தங்குதான்னு பார்க்கணும்" என்று தட்டைப் பிடுங்கிய டாக்டர் கூண்டின் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். வெளியே ஒரு கிளி கத்தியது. யாரோ, "டாக்டர் இருக்காங்களா இல்லையா?" என்றார்கள்.

"இருக்காங்க. வேலையா இருக்காங்க" என்று கதவைச் சாத்தினார் கம்பவுண்டர்.

மகாராணி வாந்தி எடுக்கவில்லை. கொஞ்சநேரம் கழித்து, இத்தனை பேர் முன்னால் தான் இருக்கும் கோலம் அப்போதுதான் உறைத்ததுபோல, முன்னங்காலைத் தூக்கி நக்கி, மெதுவாக முகம் கழுவ ஆரம்பித்தது.