முப்பத்தாறுக்குக் கீழே போனால்

கணவனின் சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோதுதான் அந்தக் கருவி அவள் கையில் அகப்பட்டது. டிபன் டப்பாவுக்கு அடியில் பழைய கைத்துண்டில் சுற்றி வைத்திருந்தார். உள்ளங்கையில் அடங்குகிற கணினி. தொடுவதற்கு ஒரு குச்சி, திரைக்குக் கீழே நான்கு பொத்தான்கள். செல்போன்கள் இவ்வளவு பெருகுவதற்கு முன்பு பெரிய அதிகாரிகள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த சாமான்.

அவள் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, இது தன் கடையின் உதிரிபாகப் பெட்டியிலிருந்து கிளம்பி வந்தது. அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். நல்ல போன் இருக்கிறது, அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. பிறகு இது எதற்கு? வீட்டில் யாருடைய போன் மக்கர் செய்தாலும் அவள் மேசைக்குத்தான் வரும். அவள் மேசைக்கு வராத ஒன்று அவருக்கு வேண்டியிருக்கிறது.

சந்தேகம் அன்று முளைத்ததல்ல. மூன்று நான்கு மாதமாகவே மனிதர் சரியில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பாதி நேரம் கண்டுகொள்வதில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்பி, திருடன் அகப்பட்டது போல் திடுக்கிடுவார். தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டு மேசையைத் திட்டுவார். சேர்ந்து எங்காவது போகலாம் என்றால் ஏதாவது சாக்கு. முகம் கொடுத்துப் பேசாத ஆணின் மனதில் என்ன இருக்கும் என்று அவள் பலமுறை யோசித்துப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கிறாள்.

அன்று அவருக்கு வார விடுமுறை. அவருடைய அம்மா வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று காலையிலேயே போய்விட்டார். திரும்ப மதியம் ஆகும். அவள் கருவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

இயக்கினால் கம்பெனிக்காரன் போட்ட முகப்பு வந்தது. முகவரிகள் காலி. நாட்காட்டி காலி. தினமும் சுமந்துகொண்டு போகிற சாமான் இவ்வளவு சுத்தமாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. தலைப்பக்கத்தில் விரலை ஓட்டினாள். மெமரி கார்டு ஒன்று செருகியிருந்தது. ஒரு ஜிபி.

கார்டைக் கடைக் கணினியில் போட்டாள். 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்டது. இதற்கு 'சரி' சொல்லி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வந்து அழுத வாடிக்கையாளர்கள் எத்தனையோ பேர். அவள் கார்டை உருவி, அழிந்த படங்களை மீட்பதற்கென்று வைத்திருந்த, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடுகிற கணினியில் போட்டாள். அது தயங்காமல் திறந்தது. கார்டு இரண்டு பகுதியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. சின்னப் பகுதியில் லினக்ஸைக் கிளப்பிவிடும் நிரலும் அதற்கான அமைப்புக் கோப்பும் இருந்தன. பெரிய பகுதியில் முழு லினக்ஸ்.

போனில் அலாரம் வைக்கவே இவளைக் கூப்பிடுகிற மனிதருக்கு லினக்ஸா? யாரோ கூட்டு. யாரென்று யோசிக்கக்கூடத் தேவையில்லை. டிப்போவில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் அவருடைய சிநேகிதன், எதைக் கண்டாலும் கழற்றிப் பார்ப்பதால் எல்லோரும் 'ரேடியோ' என்று கூப்பிடுகிறவன், முன்பு ஒருநாள் கடைக்கு வந்து இருப்பதிலேயே குறைந்த ஜிபி கார்டாகக் கேட்டு வாங்கிப் போயிருந்தான்.

பெரிய பகுதியில் ஒரு நிரல் இருந்தது; அந்தக் கருவியின் சிப்பில் மட்டுமே ஓடக்கூடியது. பக்கத்தில் ஒரு குறிப்பேடு. தேதி, மணி, பிறகு 'ஆர்' என்று ஒரு எண், 'எல்' என்று ஒரு எண். எல்லாமே டூட்டி நாட்கள். எல்லாமே மதிய இடைவேளை நேரம். நடுவில் ஓர் இடத்தில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார்: 'முப்பத்தாறுக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும்.' சில வாரங்கள் கழித்து, 'முப்பத்து மூன்று.' பிறகு, 'முப்பது.'

அவள் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"ஆர் ஒருத்தி, எல் ஒருத்தியா?" என்றாள் அக்கா. "ஒண்ணுக்கே வழியில்லாத மனுஷன்னு நெனச்சேன்!"

"விளையாடாதேக்கா. ஏதோ சூதாட்டம் மாதிரி இருக்கு. எல்லை வெக்கிறாரு, அதைத் தாண்டுறாரு, மறுபடி கீழ எறக்குறாரு."

"அப்ப ஓட்டிப் பாரேன் அந்தக் கருமத்தை. கையில ஸ்க்ரூ டிரைவரை வெச்சுக்கிட்டு எங்கிட்ட கேக்கறியே."

ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் தடயம் விழக்கூடாது. நிரல் தானாகவே குறிப்பேட்டில் ஒரு வரி சேர்த்துவிட்டால் அவருக்குத் தெரிந்துபோகும். அதனால் கார்டை நகலெடுத்து, நகலில் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

முதலில் முப்பத்திரண்டு ஜிபி கார்டில் நகலெடுத்தாள். கருவி அப்படி ஒரு பொருள் உள்ளே வந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பழைய கருவிகள் பெரிய கார்டைப் படிக்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மேசை இழுப்பறையைக் கவிழ்த்து ஒரு இரண்டு ஜிபி கார்டைத் தேடிப் பிடித்தாள். அவசரத்தில் கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டாள். இந்த முறை கிளப்பிவிடும் நிரலைக் குச்சியால் தொட்டதும் திரை கறுத்து, வெள்ளை எழுத்து மளமளவென்று ஓடி, லினக்ஸ் இருக்கும் பகுதியைக் காணவில்லை என்று நின்றது. தப்பு அவளுடையது, இரண்டு பகுதி இருந்த கார்டை ஒரே பகுதியாக ஆக்கியிருந்தாள். தலையில் அடித்துக்கொண்டு, மூலக் கார்டை முதலிலிருந்து கடைசி வரை அப்படியே அச்சு அசலாக நகலெடுத்தாள்.

மறுபடியும் வெள்ளை எழுத்து. மறுபடியும் அதே இடம். பகுதியைக் காணோம்.

வேறு கார்டில் ஓடக்கூடாது என்று பூட்டு போட்டிருக்கிறார்களா? அவ்வளவு பத்திரமாக மறைக்க என்ன இருக்கிறது? கார்டின் உலோக முனைகளை ரப்பரால் தேய்த்தாள். பாட்டரியை முழுக்க ஏற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ரேடியோவையே கூப்பிட்டாள்.

"ஒரு கஸ்டமர் ஒரு பழைய கையடக்க மெஷின் கொண்டு வந்திருக்காருப்பா. கார்டுல லினக்ஸ். கார்டு மாத்தினதும் பாதியில நிக்குது."

"காத்திருக்கச் சொல்லணும் அண்ணி," என்றான் அவன் உற்சாகமாக. "ஒவ்வொரு கார்டும் முழிக்க ஒவ்வொரு நேரம் எடுத்துக்கும். கார்டு முழிக்கறதுக்கு முந்தியே சிஸ்டம் போய்க் கதவைத் தட்டிட்டு, ஆள் இல்லைன்னு திரும்பிடுது. செட்டிங் ஃபைல்ல ரூட் டிலேன்னு ஒரு வார்த்தை, பக்கத்துல பத்துன்னு போடுங்க. பத்து செகண்டு பொறுத்துப் பாக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "எந்த மெஷின் அண்ணி? நாலு பொத்தானா?"

அவள் கண் அந்த நான்கு பொத்தான்களுக்குப் போனது.

"அண்ணி, அது அண்ணனோடதா? பக்கத்து வீட்டுக்காரருக்குன்னு சொல்லித்தானே எங்கிட்ட செய்யச் சொன்னாரு?"

அவள் போனை வைத்தாள். பக்கத்து வீட்டில் அவர் பேசுகிற அளவுக்கு ஆள் கிடையாது.

பத்து என்று போட்டாள். திரை கறுத்தது, எழுத்து ஓடியது, நின்றது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள். ஏழு வரை வந்தபோது எழுத்து மறுபடியும் ஓட ஆரம்பித்தது. பிறகு கறுப்புத் திரையின் நடுவில் ஒரு வெள்ளைச் சிலுவைக்குறி. அதன் கீழே ஒரு வரி: 'இடது கண்ணை மூடு. கருவியை முகத்துக்கு அருகே பிடி. நடுவில் மட்டும் பார். புள்ளி தெரிந்தால் அழுத்து.'

ஒரு கணம் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். மூடினாள், பார்த்தாள். ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் மின்னி மறைந்தன. ஒவ்வொன்றுக்கும் அழுத்தினாள். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னது. முடிந்ததும் திரையில் வந்தது: ஆர் நாற்பதுக்கு நாற்பது, எல் நாற்பதுக்கு நாற்பது.

வலது கண், இடது கண்.

குறிப்பேட்டை மறுபடி திறந்தாள். முதல் நாள் எல் முப்பத்தெட்டு. அப்புறம் முப்பத்தைந்து. முப்பத்திரண்டு. நேற்று முப்பத்தொன்று. அந்த நேற்று மதியம், இதை எழுதி முடித்துக் கருவியைத் துண்டில் சுற்றி வைத்துவிட்டு, பள்ளிக்கூடம் விடும் நேரத்து வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவள் எழுந்து கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். இன்னொருத்தி இருந்திருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டாள்.

ரேடியோ சொல்லியிருக்க வேண்டும். அரைமணி நேரத்தில் அவர் வந்துவிட்டார். சட்டையில் குழாய்த் தண்ணீர் இன்னும் காயவில்லை. பாதி ஷட்டருக்குக் குனிந்து வரும்போது இடது தோள் சட்டத்தில் இடித்தது. அவர் அதைத் தடவக்கூட இல்லை.

"நான் சொல்லலாம்னுதான்..."

"எப்ப? முப்பதுக்கு அப்புறமா, இருபதுக்கு அப்புறமா?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தலைவலின்னு ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட போனேன். இதே மாதிரி புள்ளி காட்டுற பெரிய மெஷின்ல பாத்துட்டு, கண்ணுக்குள்ள அழுத்தம், ஓரத்துப் பார்வை போகுது, மருந்து போடணும், அடிக்கடி வந்து காட்டணும்னாரு. அப்புறம் நான் போகலை, எவ்வளவு போகுதுன்னு இதுல நானே பாத்துக்கிட்டேன். போனா எழுதுவாங்க, எழுதினா டிப்போவுக்குத் தெரியும். நேரா பாத்தா எல்லாம் நல்லாத் தெரியுது. போன மாசம் டிப்போ கண் டெஸ்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"மருந்து?"

"போடலை. நீ பாத்துடுவேன்னு."

அவளுக்கு அவரை அடிக்கத் தோன்றியது. அதற்குப் பதில் குறிப்பேடு திறந்திருந்த திரையை அவர் பக்கம் திருப்பினாள். "நீங்களே போட்ட எல்லை இது. முப்பத்தாறுன்னு எழுதினது யாரு? அதை முப்பத்து மூணுன்னு ஆக்கினது யாரு?"

"இருபத்தி ரெண்டு வருஷமா வேற எதுவும் செஞ்சதில்லை நான். ஒரு கீறல் இல்லாம ஓட்டியிருக்கேன்."

"போன வாரம் பஸ்ஸோட இடது கண்ணாடி உடைஞ்சதே, லாரிக்காரன் உரசினான்னு சொன்னீங்களே?"

அவர் நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். "லாரிக்காரன் இல்ல," என்றார் கடைசியில். "கம்பம். அது அங்க இருந்ததே எனக்குத் தெரியலை." சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். "ஆளா இல்லாம கம்பமா இருந்ததாலதான் ராத்திரி தூங்கினேன்."

அவள் அவருடைய போனை எடுத்து டிப்போ எண்ணைத் தேடிக் கையில் கொடுத்தாள். தானே பேசவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுத்தினார்.

"சார், நாளைக்கு வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க... இல்ல சார், லீவு இல்ல... கண்ணு சரியா தெரியலை சார். நாலு மாசமா."

மறுநாள் கண் மருத்துவமனையில் பெரிய வெள்ளைக் கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார். போன பார்வை திரும்பாது, மருந்து விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். நான்கு மாதம் முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். டிப்போவில் முதலில் காட்டுக் கத்தல் கத்தினார்கள், பிறகு வண்டிகள் கிளம்பும் நேரம் குறிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். ரேடியோ வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் என்றதை நம்பியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டான். அவரை அதைவிட அதிகமாகத் திட்டினான்.

பதினோரு நாள் அவர் அவளோடு சரியாகப் பேசவில்லை. மேசை வேலையை வெறுத்தார். பன்னிரண்டாம் நாள் காலை, அவர் குளியலறையிலிருந்து வந்தபோது அவள் மருந்துப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அளவு பார்த்தாள்.

"ராத்திரி போட்டேன்டி. என்னை நம்பவே மாட்டியா?"

"மாட்டேன்."

அவர் அவளை முறைத்தார். அப்புறம், எத்தனையோ நாளைக்குப் பிறகு, சிரித்துவிட்டார். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து தலையை அண்ணாந்தார். "அப்ப இப்ப போடறதை நீயே போடு."

அவள் அவருடைய இடது இமையை விரலால் இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டாள். குளிர்ந்ததோ என்னவோ, அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலது கண்ணுக்கும் போட்டு முடிக்கும் வரை விடவில்லை.