ஒரு விமானத்துக்கு ஒருவர்

விமானத்தை வாங்கியது அவன். பெட்டியைப் பிரித்து, நுரைப்பலகை இறக்கையைப் பொருத்தி, வாலுக்குக் கம்பி மாட்டி, மூக்கில் காற்றாடியை முடுக்கியதும் அவன்தான். லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவன் கை பட்டால் நின்ற பெட்டி தானாக மேலே ஏறும் என்று பேர். அப்படிப்பட்டவன் வாங்கிய விமானத்தை அவன் மனைவி ஓட்டினாள். ஓட்டினால் பரவாயில்லை, நன்றாக ஓட்டினாள். வயிற்றெரிச்சல் என்பதற்கு இன்னும் கொஞ்சம் மரியாதையான சொல் ஒன்று கிடைத்திருந்தால் அவன் அதையே தனக்கு வைத்துக்கொண்டிருப்பான்.

அவள் மைதானத்துக்கு வந்ததே துணைக்குத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது என்று, தண்ணீர் பாட்டிலும் குடையுமாக வந்து நிற்பாள். ஊருக்கு வெளியே, மூடிப்போன செங்கல் சூளைக்குப் பின்னால் புல் வெட்டிய நீளமான மைதானம் அது. ரேடியோ விமானம் விடுகிறவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து குத்தகைக்கு எடுத்துக் கிளப் என்று பெயர் வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக் குனிந்து குனிந்து கழுத்து பிடித்துக்கொண்டதாகவும், ஞாயிற்றுக்கிழமையாவது அண்ணாந்து பார்க்கத்தான் இங்கே வருவதாகவும் அவர் சொல்லிக்கொள்வார்.

அவர் கற்றுக்கொடுக்கும் முறை இது. இரண்டு ரிமோட்டுகளை ஒரு ஒயரால் இணைத்துவிடுவார். ஒன்று அவர் கையில், ஒன்று பழகுகிறவர் கையில். அவருடைய ரிமோட்டில் ஒரு ஸ்பிரிங் பொத்தான் உண்டு. அதை அவர் அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவர் சொல் கேட்கும். விபரீதமாக ஏதாவது நடக்கப்போகிறது என்று தெரிந்தால் கட்டைவிரலை எடுத்துவிடுவார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், விமானம் மறுபடி அவர் வசம்.

அவன் பறக்கவிடும்போது அந்த டிக் ஓயவே ஓயாது. தட்டச்சு வகுப்புக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது போல இருக்கும். மேலே ஏற்றுவான், நேராக விடுவான், திருப்புவான், எல்லாம் சரியாகவே போகும். தன்னை விட்டு விலகிப் போகிற விமானத்தை ஓட்ட அவனுக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி அது அவனை நோக்கி வரும்போதுதான் சனி பிடிக்கும். விமானத்துக்கு வலது எதுவோ அது அப்போது அவனுக்கு இடது. இடப்பக்கம் சாய்வது போலத் தெரிந்தால் ரிமோட்டின் குச்சியை வலப்பக்கம் தள்ளுவான், அது இன்னும் சாயும், பதறி இன்னும் தள்ளுவான். டிக்.

“சாயுற பக்கம் எதுவோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளுங்க, முட்டுக் கொடுக்கிற மாதிரி,” என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். அது அவன் காதுக்குப் புரிந்தது. கைக்குப் புரியவில்லை.

ஒரு நாள் டாக்டர் அவளைப் பார்த்து, டீச்சரும் சும்மாதானே நிற்கிறீர்கள், ஒரு சுற்று பாருங்களேன் என்றார். தனக்கு எதற்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே அவள் குடையை மடக்கி அவனிடம் கொடுத்துவிட்டு ரிமோட்டை வாங்கினாள். விமானம் சூளைப் புகைபோக்கி வரைக்கும் போயிற்று. திரும்பியது. அவர்களைப் பார்த்து வந்தது. லேசாகச் சாய்ந்தது, நிமிர்ந்தது, தலைக்கு மேலே கடந்து போயிற்று. டிக் வரவில்லை. அவன் டாக்டரின் கட்டைவிரலைப் பார்த்தான். அது பொத்தான்மேல் அழுந்தியபடியே இருந்தது. டாக்டர்தான் இரகசியமாக ஓட்டுகிறாரோ என்று அவருடைய மற்ற விரல்களையும் பார்த்தான். அவை சும்மா இருந்தன.

எப்படி டீச்சர் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: “சின்னப் பிள்ளைங்களுக்கு டிரில் எடுக்கிறேன்ல டாக்டர். அதுங்களப் பார்த்து நின்னுக்கிட்டு, வலது கைன்னு சொல்லி என் இடது கையைத் தூக்குறதுதான் என் பொழப்பே. இப்பல்லாம் வீட்லகூட எந்தக் கை எதுன்னு யோசிச்சுத்தான் சொல்றேன்.”

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், பல் டாக்டருக்குக் காட்டுவது போல.

வீட்டுக்குத் திரும்பும்போது, அவள் ஓட்டிய நேரத்தில் காற்றே இல்லை என்று சொல்லிப்பார்த்தான். ஆமாம், இலைகூட அசையவில்லை என்று அவள் ஒத்துக்கொண்டாள். மறுத்துப் பேசியிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

அதற்குப் பிறகு அவன் விழுந்து விழுந்து படித்தான். வேலை இடைவேளையில் வீடியோ பார்த்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பென்சிலை நட்டுவைத்துக்கொண்டு கட்டைவிரலைப் பழக்கினான். அவளோ வாரம் பூராவும் விமானத்தை நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவாள், குடையை மடக்குவாள், ஓட்டுவாள். அவள் ஓட்டும்போது அவன் வானத்தைப் பார்க்கவே மாட்டான். காதை மட்டும் டாக்டரின் விரல் பக்கம் வைத்துக்கொண்டிருப்பான். ஒரே ஒரு டிக் கேட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு இறங்கும் என்று இருக்கும். கேட்காது.

இந்த நிலைமையில்தான் கிளப்பின் குடும்ப நாள் வந்தது. சொந்தக்காரர்களும் நண்பர்களும் வந்து பார்க்க, பழகி முடித்தவர்கள் ஒயர் இல்லாமல் தனியாகப் பறக்கவிட வேண்டும். ஒரு விமானத்துக்கு ஒருவர்தான் என்பது கிளப் விதி. அவர்களிடம் இருந்ததோ ஒரு விமானம். அதற்கு முந்தின ஞாயிறு இரண்டு பேரையும் ஒயர் இல்லாமல் ஓட்டவிட்டுப் பார்த்து, யார் என்று தானே சொல்லிவிடுவதாக டாக்டர் அறிவித்தார்.

அவன் ஏற்கெனவே கம்பெனி முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். முதலாளி குடும்பத்தோடு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். இது அவளுக்கும் தெரியும். “நீங்களே ஓட்டுங்க. நான் வந்து கை தட்டுறேன்,” என்றாள். அந்தப் பேச்சுதான் அவனை இன்னும் எரித்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரர் தன் பங்கை நகர்த்தி வைப்பது போல விட்டுக்கொடுக்கிறாளாம். டாக்டர் சொல்லட்டும் என்று கடுகடுப்பாகச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான்.

நடு வாரத்தில் ஒரு நாள் காலையில், வேலைக்குப் போகிற வழியில், அவன் தனியாக மைதானத்துக்குப் போனான். ஒயர் இல்லை, டாக்டர் இல்லை, மேய்ந்துகொண்டிருந்த இரண்டு மாடுகளைத் தவிர சாட்சியும் இல்லை. விலகிப் போகும்வரை விமானம் அழகாகப் போயிற்று. திரும்பியது. அவனைப் பார்த்து வந்தது. சாய்ந்தது. அவன் தள்ளினான். எந்தப் பக்கம் தள்ளினான் என்று சொல்லத் தேவையில்லை. விமானம் வேலியோரத்துப் புதரில் போய்ச் செருகிக்கொண்டது.

மதியம் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் வேலையை முடித்தான். இறக்கையின் அடியில் விரிசல், ஒட்டினான். இறக்கையின் பின்னோரத்தில் ஏறி இறங்குகிற பட்டைகளை அசைக்கும் சின்ன மோட்டார் பிடுங்கிக்கொண்டிருந்தது, மாட்டினான். பிறகு சரிபார்த்தான். வலப்பக்கம் குச்சியைத் தள்ளினால் வலது பட்டை மேலே எழ வேண்டும், இடது கீழே இறங்க வேண்டும். தள்ளினான். அவனுக்கு இடப்பக்கம் இருந்த பட்டை எழுந்தது. அட, தலைகீழாக மாட்டிவிட்டோம் போலிருக்கிறதே என்று நினைத்தான். ரிமோட்டின் பட்டியலில் ‘ரிவர்ஸ்’ என்று ஒன்று இருந்தது. அதை மாற்றினான். மறுபடி தள்ளினான். இப்போது வலப்பக்கத்துப் பட்டை எழுந்தது. தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்ட திருப்தியோடு மேசையைத் துடைத்து, பசை டப்பாவை மறைத்தான்.

விமானத்தின் காற்றாடி சுவரில் இடிக்கிறதே என்று, அதன் மூக்கைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வேலை பார்த்தான் என்பது அவன் நினைவிலேயே இல்லை. சரியாக இருந்ததைத்தான் தலைகீழாக்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்: “போன வாரத்துக்கு அப்புறம் இதை ஏதாவது பிரிச்சீங்களா?” பிரித்திருந்தால் அவரே பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். பிரித்துவிட்டுச் சொல்லாதவர் அந்தப் பருவம் முழுக்க ரிமோட்டைத் தொடக்கூடாது, வேடிக்கை பார்க்கிறவர்களோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம்தான்.

ஆமாம் என்றால் ஏன் என்று வரும். ஏன் என்றால் புதர் வரும்.

“இல்ல,” என்றான்.

அப்படியானால் லிப்ட்காரர் பார்த்தாலே போதும், அவர் பார்க்காத கம்பியா என்று டாக்டர் வேறொருவரின் பேட்டரியைப் பார்க்கப் போய்விட்டார். அவன் விமானத்தை முழங்காலில், மூக்கு தன் வயிற்றைப் பார்க்க வைத்துக்கொண்டு, குச்சியைத் தள்ளிப் பார்த்து, எல்லாம் சரி என்றான்.

கடைசியில் பார்த்ததுதான் மனதில் நிற்கும் என்று கணக்குப் போட்டு, அவளை முதலில் ஓட்டச் சொன்னான். அவள் ரிமோட்டோடு நின்றாள். அவன் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கி, ஓடி, வீசினான்.

விமானம் இடப்பக்கம் சாய்ந்தது. அவள் வலப்பக்கம் தள்ளினாள். இன்னும் சாய்ந்தது. போகிற விமானம், வருகிற விமானம்கூட இல்லை. டாக்டர் இரண்டு எட்டு ஓடிவந்தார். ஒயர் இல்லாததால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

விழட்டும், என்று அவன் மனதில் ஒரு குரல் கேட்டது. தன் காசு, தன் பசை, தன் கை வேலை, எல்லாம் சேர்ந்து விழட்டும், அவள் கையில் விழட்டும். அது தன் குரல்தான் என்று அவனுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த நினைப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் வலது குச்சியிலிருந்து விரலை அடியோடு எடுத்துவிட்டாள். விமானம் தன் பாட்டில் கொஞ்சம் தள்ளாடி, தானாக முக்கால்வாசி நிமிர்ந்தது. இடது குச்சியால் வால் சுக்கானை மட்டும் தொட்டுத் தொட்டு, பெரிய வட்டமாக, அவசரமே இல்லாமல் சுற்றிக் கொண்டுவந்தாள். பிறகு மோட்டாரைக் குறைத்தாள். புல்லில் வயிறு உரச விமானம் வந்து நின்றது.

டாக்டர் விமானத்தை எடுத்து, வாலைத் தன் பக்கமாகத் திருப்பி, குச்சியை வலப்பக்கம் தள்ளிப் பார்த்தார். சொத்தைப் பல்லைக் கண்டது போல அவர் முகம் மாறிற்று. “இதை யாரு பிரிச்சது?”

அதற்குள் அவள் இறக்கையின் அடியைத் தடவிப் பார்த்திருந்தாள். புதுப் பசை. அவனை ஒரே ஒரு தரம் பார்த்தாள். வகுப்பில் சாக்பீஸை உடைத்துவிட்டுக் கையைப் பின்னால் மறைக்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

“நான்தான் டாக்டர்,” என்றாள். “துடைக்கும்போது கீழ போட்டுட்டேன். பயந்துக்கிட்டு நானே ஒட்டிட்டேன்.”

டாக்டருக்கு நம்பவும் முடியவில்லை, விதியை விடவும் முடியவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டிவிட்டு இப்படிச் செய்துவிட்டீர்களே டீச்சர் என்று வருத்தப்பட்டார். அப்படியானால் குடும்ப நாளுக்கு லிப்ட்காரர்தான், வேறு வழியில்லை என்றார்.

அவன் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். முதலாளி வருவார், பார்ப்பார்.

ஆனால் மைதானத்தில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லாரும் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் உட்கார முக்காலி கொண்டுவந்தார். தலைகீழாக இருந்ததை இறக்கியது பெரிய விஷயம் என்றார் ஒருவர். அதைவிட, உண்மையை ஒத்துக்கொண்டதுதான் பெரிய விஷயம் என்றார் இன்னொருவர். டாக்டர் தன் குடையை எடுத்து அவளுக்குப் பிடித்தார்.

பறக்கவிட்ட பேர் அவளுக்குப் போயிற்று. இறக்கிய பேரும் போயிற்று. புதரில் செருகியது அவன், ஒட்டியது அவன், அரை நாள் சம்பளத்தை விட்டவன் அவன். அந்தத் தப்புகூட இப்போது அவள் கணக்கில் போய், அதற்கும் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்றையாவது மிச்சம் வைக்கக்கூடாதா இந்த மனுஷி?

“டாக்டர்,” என்றான். “அது என்னோடது.”

“எது?”

“விழுந்தது, ஒட்டினது, ரிவர்ஸ் போட்டது, எல்லாம். பிரிக்கலைன்னு சொன்னதும் நான்தானே. அவளுக்கு இதுல எந்தப் பங்கும் கிடையாது.” பாகப்பிரிவினையில் தன் மனையைக் காட்டுகிறவன் குரல் அது.

“ஏங்க, சும்மா இருங்க,” என்றாள் அவள் தாழ்ந்த குரலில்.

“நீ சும்மா இரு. ஓட்டினது நீ, சரி, ஒத்துக்கிறேன். இதையாவது எனக்கு விடு.”

டாக்டர் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பதா கோபப்படுவதா என்று அவருக்கே தெரியவில்லை. கடைசியில், குடும்ப நாளுக்கு டீச்சர் என்றும், லிப்ட்காரர் பருவம் முடியும்வரை கயிற்றுக்கு அந்தப் பக்கம் என்றும் சொல்லிவிட்டு, ரிமோட்டின் ரிவர்ஸை மாற்ற உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு அவன் கயிற்றுக்கு அந்தப் பக்கம், முதலாளிக்குப் பக்கத்தில் நின்றான். விமானம் புகைபோக்கியைச் சுற்றித் திரும்பி அவர்களைப் பார்த்து வந்தபோது முதலாளி, ஓட்டுவது யார் என்று கேட்டார்.

“என் வீட்டுக்காரி,” என்றான்.

“நீ ஓட்டுறதாத்தானே சொன்னே?”

“சார், நான் அதைக் கீழ போட்டு உடைச்சேன். அதனால வெளிய நிறுத்திட்டாங்க.”

முதலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மறுபடி வானத்தைப் பார்த்தார். அவள் விமானத்தைப் புல்லில் பூப் போல இறக்கினாள். கூட்டம் கை தட்டியது. முதலாளியின் சம்சாரம் எழுந்து நின்றே தட்டினார். அவனும் தட்டினான். தட்டிக்கொண்டே, இறங்கும்போது மூக்கைக் கொஞ்சம் சீக்கிரமே தூக்கிவிட்டாள் என்று முதலாளியின் காதில் போட்டுவைத்தான்.