ஐஸில் உரியாத பசை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

பீர் காய்ச்சுவது என் நாத்தனார். பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி, பெட்டி கட்டுவது நான். ஒரு பழைய கார் ஷெட், வரிசையாகச் சில தொட்டிகள், அவ்வளவுதான் எங்கள் சாம்ராஜ்யம். சில இடங்களில் பீர் தெளிய மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த கூழைக் கலப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போவதில்லை. குளிரில் போட்டுவிட்டுத் தானாகத் தெளியும்வரை காத்துக் கிடப்போம். ‘எந்த உயிரையும் தொடாத பீர்’ என்று லேபிளில் எழுதியவளே நான்தான்.

அன்று, பால்கூடச் சேர்க்காத வீகன் ஹோட்டல் நடத்தும் கணவன் மனைவி வந்திருந்தார்கள். பார்த்துப் பிடித்துப்போனால் எங்கள் பீரைத் தங்கள் ஹோட்டலில் வைப்பார்கள். நாத்தனார் தொட்டியிலிருந்து ஒரு கிளாஸ் பிடித்துக் கொடுத்தாள். கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெளிந்தது என்று எனக்குச் சுருக்கென்றது. அடுப்புப் பக்கம் பெயர் எழுதாத ஒரு பொட்டலம். பிரித்து முகர்ந்தேன். கடல் வாசனை.

விருந்தாளி நிற்பதெல்லாம் அப்போது கண்ணில் படவில்லை.

“என்னடி இது, மீன் நாத்தம் அடிக்குது?”

“அண்ணி, அது வந்து...”

“என்ன வந்து போயி? நான் லேபிள்ல ஒண்ணு எழுதுறேன், நீ உள்ள மீனைக் கலக்குறியா? யாரைக் கேட்டுக் கலந்தே?”

அவள் முகம் சுண்டிப்போனது. “கடற்பாசிப் பொடி அண்ணி. கொதிக்கிறப்ப ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தேன்.”

“நாங்களும் புட்டிங்ல இதைத்தான் போடுறோம்” என்றார் ஹோட்டல்காரம்மா, சமாதானமாக.

அந்த இடத்தில் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்ன?” என்றுதான் வாயில் வந்தது. போன மானத்தை மீட்க அவர்களை என் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனேன். முன்பு மாவுப் பசை போட்டபோது ஐஸ் வாளியில் லேபிள் வழுக்கி வந்துவிடும். இப்போது புதுப் பசை, நானே தேடிப் பிடித்தது, நாள் முழுக்க ஐஸில் கிடந்தாலும் உரியாது என்று அளந்து தள்ளினேன். வழியனுப்பும் வேலையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு பிரஷ் கழுவப் போனேன்.

கழுவிவிட்டு வந்தபோது பசை டப்பா திறந்து கிடந்தது. மூடக் குனிந்தேன். திரிந்த பால் நாற்றம்.

பசைக் கடைக்குப் போன் போட்டேன்.

“பால்லேர்ந்து எடுக்கிறதுதாங்க. அதனாலதான் ஐஸ் தண்ணிக்கும் அசையாது” என்றார் கடைக்காரர், பெருமையாக.

எதில் செய்தது என்று வாங்கும்போது நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உயிரைத் தொடாத பீர் என்ற வாசகத்தையே மாட்டுப்பாலைத் தடவி ஒட்டியிருக்கிறேன், பாட்டில் பாட்டிலாக. பாட்டிலின் வெளிப்பக்கத்தை யார் நக்கப்போகிறார்கள் என்றுகூட ஒரு நிமிடம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. ஒரு சிட்டிகைப் பாசிக்கு அவளை நாலு பேர் முன்னால் அந்தக் கிழி கிழித்தவள் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மனதுக்குள் கூட்டிக் கழித்தபடி பின்பக்கம் போனேன். கழுவும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சோடா உப்புப் போட்ட வெந்நீர்த் தொட்டி. அதிலிருந்து ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து லேபிளைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க பசையைப் பத்திப் பேசிட்டிருந்தப்பவே வாசனை வந்துச்சு அண்ணி.”

“அப்பவே சொல்லியிருக்கலாம்ல?”

“அவங்க முன்னாடியா?” என்றாள். பாட்டிலைத் திருப்பி மறுபக்கம் சுரண்டினாள். “சரக்கு எப்ப வரும்னு கேட்டாங்க. லேட்டாகும், காய்ச்சுறப்ப நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

போனை எடுத்தேன்.

“இப்ப எதுக்கு அண்ணி? விடுங்க.”

ஹோட்டல்காரம்மா எடுத்தார். யார் பேசுவது என்று கேட்டார்.

“மீனைக் கலக்குறியான்னு கத்தினேனே,” என்றேன், “அந்த அண்ணி பேசுறேன்.”