குளியலறைத் தாழ்ப்பாள்

குளிப்பதையும் உடுப்பதையும் ஆராய்ச்சி செய்ய ஒரு படிப்பா என்று நீலாம்பாளுக்கு முதலிலேயே எரிச்சல். ஆனால் வந்த பெண் ஷிஜி லேசில் விடுகிற ஆளில்லை. ஆக்குபேஷனல் தெரபி படித்தவள். மனநோயிலிருந்து மீண்டவர்கள் அன்றாடம் எப்படி வாழ்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய் ஆராய்ந்துகொண்டிருந்தாள். 2002 மழைக்காலம் முழுக்க, திருவனந்தபுரம் ஆரியசாலையில் மிளகாய் மண்டிக்கு மேலே இருந்த அந்த வீட்டுக்கும் வாரம் தவறாமல் வந்தாள்.

நீலாம்பாளின் மகள் ஷில்பாவிடம் அவள் கேட்டது ஒரே கேள்வி. "தினசரி ஜீவிதத்துல உனக்கு எது முதல்ல திரும்ப வேணும்?"

வேலை என்பாள், கல்யாணம் என்பாள் என்று காத்திருந்த தாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது.

"குளிமுறிக்குக் கொண்டி வேணும் சேச்சி. அடச்சுட்டுக் குளிக்கணும்."

மூன்று வருஷத்துக்கு முன், அதே குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் ஷில்பா சாகப் பார்த்தாள். கதவை உடைத்துத் தூக்கி வந்தார்கள். அன்று கழன்ற தாழ்ப்பாள் பிறகு ஏறவேயில்லை. அவள் குளிக்கும்போதெல்லாம் கதவில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் நீலாம்பாளின் கண் இருக்கும்.

"உன் படிப்பக் கொண்டு குப்பையில போடு! என் பிள்ளைய நான் சாகக் குடுக்கணுமா?" என்று நீலாம்பாள் கத்தினாள்.

ஷிஜி குரலை உயர்த்தவில்லை. "டாக்டர்ட்ட கேட்டாச்சு ஆன்ட்டி. ஒரு தள்ளு தள்ளினா பெயந்து வர்ற சின்னக் கொண்டியாக்கும். நீங்க ஒருதடவ கூப்பிடலாம், அவ பதில் சொல்லணும். பின்னே கூப்பிடப்படாது, தட்டப்படாது. அவளே கதவத் துறந்து வரட்டும்."

நீலாம்பாள் அரைமனதோடுதான் சம்மதித்தாள். தாழ்ப்பாள் பொருத்திய மறுநாள் காலை ஷிஜியும் வந்திருக்க, ஷில்பா துவர்த்துத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதுமே நீலாம்பாள் கூப்பிட்டுவிட்டாள்.

"ஷில்பா!"

"இருக்கேம்மா."

ஷிஜி தலையில் கைவைத்துக்கொண்டாள். இருந்த ஒரு தடவையையும் கதவு மூடிய சூட்டோடு தொலைத்தாயிற்று.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

நீலாம்பாள் காதைக் கதவில் வைத்தாள். ஒன்றுமில்லை. கீழே சுமட்டுக்காரர்கள் மூட்டை இறக்கும் இரைச்சல்தான் வந்தது. அவர்கள் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. அன்றும் இப்படித்தான் தண்ணீர் நின்றது. பிள்ளை தலை துவட்டுகிறாள் என்று அடுப்படியில் இருந்துவிட்டாள். அந்த நினைப்பு மூன்று வருஷமாக அவளைத் தின்றுகொண்டிருந்தது.

உள்ளங்கை தானாகக் கதவில் பதிந்தது. ஷிஜியின் முகமும் வெளுத்துத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்று தலையசைத்தாள். தள்ளினால் மகளைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஆனால் இனி ஒருநாளும் அவள் தன்னை நம்பமாட்டாள். தள்ளாவிட்டால்? தாணுமாலயா, தாணுமாலயா என்று சாமியைக் கூப்பிட்டபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தாழ்ப்பாள் விலகியது. தலையில் துவர்த்தைச் சுற்றிக்கொண்டு ஷில்பா நின்றாள்.

"இவ்வளவு நேரம் உள்ள என்ன மக்ளே செய்த?"

"ஒண்ணும் செய்யல்லம்மா. யாரும் பாக்காம கொஞ்சம் நின்னேன். அவ்வளவுதான்."

நீலாம்பாள் மகளைத் தாண்டி, ஈரத் தரையில் கால்வைத்து உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். மகளை விட்டு அசையாமல் இருந்த இந்த மூன்று வருஷத்தில் அழுவதற்கு அவளுக்கும் ஓர் இடம் இருக்கவில்லை. இப்போது வாய்விட்டு அழுதாள்.

பதறிப்போய்க் கதவருகே வந்த ஷிஜியின் கையை ஷில்பா பிடித்துக்கொண்டாள்.

"தட்டண்டாம் சேச்சி. அம்மா வருவா."