தோண்டாத இரண்டாவது குழி

காலையில் பூமி ஆடியபோது அந்த ஆறு மாடிக் கட்டடம் விழவில்லை. குடியிருந்தவர்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. அரைமணி நேரம் தெருவில் நின்றவர்கள், பயந்து ஓடிய ஓட்டத்தை ஒருவருக்கொருவர் நடித்துக் காட்டிச் சிரித்துவிட்டு மேலே ஏறிப் போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள்.

மதியம், ஐந்தாம் மாடியில் குடியிருந்தவளின் தங்கை வந்தாள். அந்தக் கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினியர் அவள்தான். அதிர்வு அளக்கும் பெட்டியை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தாள். கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்ப அரை விநாடிக்குச் சற்று மேல்தான் ஆக வேண்டும். இப்போது ஒரு விநாடி ஆனது. கீழ்த்தளத்து கார் நிறுத்தத்தில் தூண்களெல்லாம் மேல்முனையில் விரிசல் விட்டுத் தளர்ந்திருந்தன. பெட்டியை முற்றத்து மண்ணில் வைத்தாள். மண்ணும் ஒரு விநாடிக்கு ஒருமுறைதான் ஆடியது. பாறை இவ்வளவு மெதுவாக ஆடாது, களிமண்தான் ஆடும்.

ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஒரு விரல் போதும். காலையில் மண்ணின் ஆட்டமும் கட்டடத்தின் ஆட்டமும் ஒத்துப்போகவில்லை, அதனால் தப்பித்தது. இப்போது இரண்டும் ஒத்துப்போகின்றன; இனி வருவது காலையில் வந்ததில் பாதியாக இருந்தாலும் போதும்.

பாறை என்று நினைத்த இடத்தில் களிமண் எப்படி வந்தது? புதிதாக வரவில்லை, முன்பே இருந்தது. மண் பரிசோதனைக்கு இரண்டு குழி தோண்ட வேண்டும். முதல் குழியில் பாறை தட்டியதும், போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அக்காவுக்குக் குடிபோக அவசரம், தங்கைக்கு அக்காவைக் குடிவைக்க அவசரம். இரண்டாவது குழி தோண்ட வேண்டிய மூலையில் பழைய குளத்தை மண்போட்டு மூடியிருந்தார்கள்.

படியேறி ஓடினாள். ஐந்தாம் மாடியில் அக்கா உடைந்த தட்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கிளம்பு. இந்தக் கட்டடம் நிக்காது."

"பைத்தியமா உனக்கு? காலைலயே நின்னுச்சே. என் தங்கச்சி கணக்கு தப்பாதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்."

"தப்பிடுச்சுக்கா. நான் ஒரு குழி தோண்டாம விட்டுட்டேன். கீழ களிமண்ணு." தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். திட்டுவாள் என்று தங்கை காத்திருந்தாள். திட்டவில்லை.

"இங்க இருக்கிற பத்தொன்பது வீட்டுல பாதி வீடு நான் சொல்லி வாங்கினதுடி. நீ கீழ போய் யாரையும் உள்ள விடாத. நான் கதவைத் தட்டுறேன்."

"நானும் வர்றேன்."

"நீ சொன்னா எவனும் கேக்க மாட்டான். நான் சொன்னா கேப்பாங்க. போடி!"

தங்கை போனாள். அந்த ஒரு பேச்சைக் கேட்டதற்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள், முணுமுணுத்துக்கொண்டு, தலையணையும் தண்ணீர்க் குடமுமாக. பதினாறு வீடு, பதினேழு வீடு. ஆறாம் மாடித் தையல்காரர் தன் மனைவியைத் தோளில் சாய்த்து இறக்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா எங்கே?"

"கடைசி வீட்டுல கதவு தட்டிட்டிருக்காங்க."

அப்போது பெட்டியில் கோடு எழுந்தது. பெரிய அதிர்வு ஒன்றுமில்லை, காலையில் வந்ததில் பாதிகூட இல்லை. கட்டடம் சாய்ந்தது, திரும்பியது, ஒவ்வொரு விநாடிக்கும் கொஞ்சம் கூடுதலாக. "அக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடியவளைத் தையல்காரர் இடுப்போடு பிடித்து நிறுத்தினார். ஒன்பதாவது ஆட்டத்தில் கீழ்த்தளத் தூண்கள் மடிந்தன.

புழுதி அடங்க வெகுநேரம் ஆயிற்று. தையல்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"நான் மொதல்ல நம்பலம்மா. 'என் தங்கச்சி கணக்கு தப்பாது, எறங்குங்க'ன்னு உங்க அக்கா சொன்னாங்க. அதான் எறங்கினோம்."