மரத்தூளில் கிடந்த விதைத்தோல்

இப்போதெல்லாம் சர்க்கஸ் பார்க்க வருகிறவனுக்கு அண்ணாந்து பார்க்கக்கூட உடம்பு வணங்கவில்லை என்பது துர்திகுலின் ஆத்திரம். உச்சியில் ஒருத்தி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தொங்குவாள். இவன் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான். கைதட்டவும் மாட்டான். கையில்தான் போன் இருக்கிறதே.

அந்த மாதிரி ஆட்கள்கூட இந்த முறை கோகந்து நகரத்தில் வரவில்லை. முலாம்பழச் சந்தைக்குப் பக்கத்தில் கூடாரம் அடித்ததிலிருந்து முன்வரிசையே நிறையவில்லை. வெள்ளிக்கிழமையும் கேலரி காலியாகக் கிடந்தால் கூடாரத்தைக் கல்யாண மண்டபக்காரன் ஒருவனுக்கு விற்றுவிடப்போவதாக முதலாளி ஹோசியத் சொல்லிவிட்டாள். அவள் அப்பன் காலத்திலிருந்து அந்தக் கித்தானுக்கு முளை அடித்துக் கயிறு கட்டுகிறவர் துர்திகுல். அது போனால் அவருக்கு வேறு கூரை கிடையாது.

வியாழக்கிழமை காலை ஆட்டம் நடக்கும் வட்டத்தைப் பெருக்கப் போனவர், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் குந்தினார். மரத்தூளில் சூரியகாந்தி விதைத்தோல். சர்க்கஸ்காரன் எவனும் வட்டத்துக்குள் விதை கொறிக்கமாட்டான். கொறித்தால் கூட்டம் வராது என்பது சர்க்கஸ் நம்பிக்கை.

"நீதானடா?" என்று கோமாளி எர்கஷைப் பிடித்தார்.

"எனக்கு இருக்கிறதே நாலு பல்லு அத்தா. கொறிக்கவா, முழுங்கவா?"

"வாயத் தொற."

திறந்தான். எண்ணிப் பார்த்தார். அப்போதும் நம்பவில்லை.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்ததும் கேலரிப் பலகைகளுக்கு அடியில் புகுந்து உட்கார்ந்தார். யாராக இருக்கும்? குதிரைக்காரனா? டிக்கெட் கிழிக்கிறவனா? முதுகு வலித்தாலும் எழுந்திருக்க மனசில்லை. கொஞ்ச நேரத்தில் படக், படக் என்று சத்தம். எட்டிப் பார்த்தார்.

வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்து கொறித்துக்கொண்டிருந்தவள் ஹோசியத்.

துர்திகுல் தவழ்ந்து வெளியே வந்தார்.

"உங்கப்பன் இதப் பாத்திருந்தா உன் கைய ஒடிச்சிருப்பான்."

அவள் பதறவில்லை. "உக்காருங்க அத்தா."

"மாட்டேன். ஏன் தின்னே, அதச் சொல்லு."

"மண்டபக்காரன்கிட்ட போன வாரமே வாக்குக் குடுத்துட்டேன். சனங்களுக்கு இதெல்லாம் அலுத்துப்போச்சுன்னா நீங்க நம்பமாட்டீங்க. போஸ்டர் சரியில்லம்பீங்க, மழைம்பீங்க. வித மேல பழி விழுந்தா பேசாம ஒத்துக்குவீங்கன்னு நெனச்சேன்."

"அப்ப தின்றத நிறுத்து. கூட்டம் தானா வரும்."

"போன மாசம் நான் ஒத்த வித தொடல. அப்பவும் காலிதான அத்தா?"

துர்திகுல் யோசித்தார். "அப்ப வேற எவனோ தின்னிருக்கான்."

ஹோசியத் சிரித்தாள். பாதியில் நிறுத்தி முக்காட்டு முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மண்டபத்துல இதத் தூக்கிக் கட்ட ஆள் வேணுமாம். உங்களச் சொல்லியிருக்கேன். போவீங்களா?"

"கல்யாணத்துல தட்டுல வெச்சே குடுப்பான் விதைய. என் கித்தானுக்கு அடியில. நான் போகணுமா?"

தோல்களைப் பொறுக்கித் தொப்பியில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். மண்டபக்காரன் டேப்பை இழுத்துப் பிடித்துக் கூடாரத்தை அளந்துகொண்டிருந்தான். சலாம் சொன்னான். துர்திகுல் அவன் வாயையே பார்த்தார். வாய் அசையவில்லை. சட்டைப்பையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொறிக்கிறவன் எவனோ ஒருத்தன் இருக்கிறான் என்று முணுமுணுத்தபடி, தரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சந்தைப் பக்கம் நடந்தார்.